வாடாத ஆம்லெட்

அடுப்பிலிருந்து இறங்கிய நிமிடமே ஆம்லெட் வாடத் தொடங்கிவிடும். உப்பல் வடியும், மினுமினுப்பு போகும், ஓரம் சுருங்கும். விளக்கைத் திருப்பி, கோணம் பார்த்து, கேமராவைக் கையில் எடுப்பதற்குள் தட்டில் ஆறிய முட்டைதான் மிஞ்சும். உணவகங்களுக்குப் படமெடுப்பவர்கள் கிளிசரின் தடவுவதும், ஐஸ்கிரீமுக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கை உருட்டி வைப்பதும் இதனால்தான். ஜப்பானில் இதற்கு வேறு வழி கண்டார்கள். வாடாத ஆம்லெட்டையே செய்துவிட்டார்கள்.

அங்கே 1920-களில் பெரிய பல்பொருள் அங்காடிகளுக்குள் சாப்பாட்டுக் கூடங்கள் பெருகின. குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பலகையில் எழுதியிருந்ததோ மேற்கிலிருந்து வந்த புதுப் பண்டங்களின் பெயர்கள். பெயரைப் படித்துவிடலாம், தட்டில் என்ன வரும் என்று எப்படித் தெரியும்? 1923-இல் நிலநடுக்கம் தோக்கியோவைக் குலைத்துப்போட்டது. அதன்பின் மீண்டும் திறந்த ஷிரோகியா அங்காடி, தன் சாப்பாட்டுக் கூடத்தின் முன்னால் மெழுகில் செய்த பண்டங்களை அடுக்கி வைத்தது. வந்தவர்கள் பார்த்தார்கள், முடிவு செய்தார்கள், சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வரிசை வேகமாக நகர்ந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 'இது என்னங்க?' என்று நாலு பேர் முன்னால் கேட்கும் கூச்சம் ஒழிந்ததே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

உடலுறுப்புகளையும் நோய்க்கூறுகளையும் மருத்துவ மாணவர்களுக்காக மெழுகில் வடிக்கும் கலை ஜப்பானில் ஏற்கெனவே இருந்தது. சொறி சிரங்கைத் தத்ரூபமாகக் காட்டத் தெரிந்த தொழிலுக்குப் பொரித்த மீனின் தோல் எம்மாத்திரம்?

ஆனால் மெழுகுப் பண்டங்களை ஊரறிந்த வியாபாரமாக்கியவர் இவாசாகி தாகிஸோ. கிஃபு மாநிலத்தின் குஜோ ஹாச்சிமன் ஊர்க்காரர். சின்ன வயதில், உருகிய மெழுகு தண்ணீரில் சொட்டிப் பூப்போல விரிவதைப் பார்த்து மயங்கி நின்றாராம். வளர்ந்து ஒசாகாவில் குடியிருந்தபோது, மனைவி செய்த ஆம்லெட் ஒன்றை வைத்து அச்செடுத்தார். அகர் அகர் காய்ச்சி அதன்மேல் ஊற்றி, உறைந்த பின் எடுத்து, உள்ளே வண்ண மெழுகு வார்த்தார். நிறம் சரியாக வரவில்லை, மறுபடி வார்த்தார். மாதக்கணக்கில் இதே வேலை. கடைசியில் அசலையும் போலியையும் மனைவியாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பது கதை. கணவர் மனம் கோணக்கூடாதென்று சொன்னாரோ என்னவோ! 1932-இல் ஒசாகாவிலேயே தொழிலைத் தொடங்கினார். மாதிரிகளை விற்பதைவிட மாத வாடகைக்கு விட்டதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது. சின்னக் கடைக்காரருக்கும் கட்டுப்படியானது.

ஆங்கில 'சாம்பிள்' ஜப்பானிய வாயில் 'சம்புரு' ஆகி, இந்த மாதிரிகளுக்கே பெயராக நிலைத்தது. குஜோ ஹாச்சிமனுக்கு இப்போது சுற்றுலாப் பயணிகள் பலர் சம்புரு செய்து பார்க்கவும் போகிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வெள்ளையும் பச்சையுமாக மெழுகை ஊற்றி, விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்தால் லெட்யூஸ் இலை சுருக்கத்தோடு வருகிறது. அதைச் சுருட்டி உருண்டையாக்கிக் கத்தியால் இரண்டாக வெட்டினால் உள்ளே அடுக்கடுக்காக இதழ்கள். சிறுவன் தாகிஸோ பார்த்த அதே தண்ணீர் வித்தை.

ஆனால் இப்போது கடைகளில் வைப்பது மெழுகு அல்ல. வெயிலில் அது இளகும், நிறம் மங்கும். அதனால் 1970-களில் இருந்து சிலிக்கோன் அச்சும் பிளாஸ்டிக்கும் அந்த இடத்தைப் பிடித்தன. ஆனாலும் புது மாதிரி வேண்டுமென்றால் கடைக்காரர் அனுப்ப வேண்டியது தன் அடுப்பில் வெந்த நிஜப் பண்டத்தைத்தான். அச்சு அதன் மேல்தான் விழுகிறது. அன்றைக்குச் சமையல்காரர் ஏதோ கோபத்தில் ஆம்லெட்டைக் கோணலாக மடித்துப் போட்டிருந்தால், அந்தக் கோணலும் அப்படியே பதிந்து, வருஷக்கணக்கில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளத்துக்கொண்டிருக்கும்.