பயிர் நோயைப் படம் எடுத்து அனுப்புவது எப்படி?

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பகுதி விவசாயிகள் பலர் சம்பா நெல்லில் நோய் கண்டதும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி மருந்து கேட்கிறீர்கள். படம் மங்கலாக இருந்தால் பரிந்துரையும் தவறலாம். குலை நோய் பூஞ்சாணத்தால் வருவது. பாக்டீரியா இலைக்கருகலுக்குப் பூஞ்சாணக்கொல்லி தெளித்தால் பணம்தான் வீண்.

குலை நோய்ப் புள்ளி கண் வடிவில், நடுவில் சாம்பல் நிறத்தில் இருக்கும். இலைக்கருகல் நுனியில் தொடங்கி ஓரமாக நெளிந்து இறங்கும். இந்த வேறுபாடு படத்தில் தெரிய வேண்டும். முழுதும் காய்ந்த இலை உதவாது. பாதி பச்சையாக உள்ள இலையைத் தேர்ந்தெடுங்கள். காற்றில் ஆடாமல் உள்ளங்கையில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து, செல்போன் திரையில் புள்ளியைத் தொட்டு எடுங்கள். டிஜிட்டல் கேமரா என்றால் பூ அடையாளமுள்ள மேக்ரோ முறை. ஜூம், பிளாஷ் இரண்டும் வேண்டாம். பனி காய்ந்த பின், வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது.

புகையானுக்கு இலையைப் படம் எடுத்துப் பயனில்லை. தூர்களை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் எடுங்கள். கரும்பில் செவ்வழுகல் சந்தேகமா? கரும்பை நீளவாக்கில் பிளந்து எடுங்கள். சிவந்த சதையின் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அநேகமாக அதுதான்.

வயல் முழுவதும் தெரியும்படி ஒரு படமும் சேருங்கள். ரகம், பயிரின் வயது, கடைசியாக யூரியா இட்ட நாள் ஆகியவற்றையும் எழுதுங்கள் (பலர் விடுவது இதைத்தான்). வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது. அப்படியும் பிடிபடாவிட்டால், செடியை வேருடன் எடுத்துக்கொண்டு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நேரில் செல்லுங்கள்.