முத்துக்கரையில் எழுந்த முறையீடுகள்

'நஜாத்' என்னும் அரபுச் சொல்லுக்கு ஈடேற்றம், துன்பத்தினின்றும் விடுபடுதல் என்பது பொருள். தமிழ் முஸ்லிம்களின் நாவில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் 'முனாஜாத்து' என்ற சொல்லோ, அடியான் தன் இறைவனோடு அந்தரங்கமாக உரையாடுவதைக் குறிக்கும். இவ்விரண்டும் நூன், ஜீம், வாவ் என்னும் ஒரே மூலவெழுத்துக்களிலிருந்து பிறந்தவை. இரகசிய முறையீடும் இரட்சிப்பும் ஒரே வேரின் இரு கிளைகளாக அமைந்திருப்பது சிந்திக்கற்பாலது.

துன்பம், குற்றவுணர்வு, கொடுமை ஆகிய மூன்று வாயில்கள் வழியாக மனிதன் இறைவனின் சந்நிதியை அடைகின்றான். நோயுற்ற அய்யூப் நபி (அலை) முதல் வாயிலில் நின்றார்கள். தாயிஃப் நகரத்தாரால் கல்லெறியப்பட்ட நம் பெருமானார் (ஸல்) மூன்றாம் வாயிலில் நின்றார்கள். இடைவாயிலில் நின்றவர்கள் மீன் வயிற்றிருளில் அகப்பட்ட யூனுஸ் நபி (அலை). அவர்களின் துஆவில் 'என்னைக் காப்பாற்று' என்ற சொல்லே இல்லை. இறைவனைத் துதித்துத் தம் தவற்றை ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவே. அந்த ஒப்புதலையே விண்ணப்பமாக ஏற்று இறைவன் அவர்களுக்கு ஈடேற்றம் அளித்தான்.

இம்மூன்று வகை முறையீடுகளும் ஒருசேர ஒலித்த கரை நம்முடையது. தூத்துக்குடியிலிருந்து வடக்கே தருவைகுளம், வைப்பாறு, வேம்பாறு, கீழக்கரை என நீண்டு வேதாளை வரை செல்லும் இக்கடலோரத்தில் மரைக்காயர்களும் பரதவரும் முத்துக்குளிப்பால் பிணைக்கப்பட்டிருந்தனர். மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவர்களில் பெரும்பாலோர் பரதவர். வணிகத்திலும் குத்தகையிலும் செல்வாக்குப் பெற்றவர்கள் முஸ்லிம்கள். செல்வம் சேருமிடத்தில் பிணக்கும் சேருவது உலகியல்பு.

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பறங்கியர் இக்கரைக்கு வந்தபோது அப்பிணக்கு முற்றியிருந்தது. தூத்துக்குடியில் காதணியின் பொருட்டு ஒரு பரதவப் பெண்ணின் காது அறுக்கப்பட்டதென்றும், அதிலிருந்து கலகம் மூண்டதென்றும் கிறிஸ்தவ வரலாற்று ஏடுகள் கூறுகின்றன. 1535ஆம் ஆண்டில் பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் அடைக்கலம் வேண்டினர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பர்.

1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் மரைக்காயர்களின் கப்பற்படை மார்ட்டின் அல்போன்ஸோ டிசூஸா என்ற பறங்கித் தளபதியால் முறியடிக்கப்பட்டது. குஞ்ஞாலி மரைக்காயரும் அலீ இப்ராஹீம் மரைக்காயரும் காயல் நோக்கி வந்து, இவ்விடத்தில் தங்கியிருந்த வேளையில் தாக்கப்பட்டுக் கப்பல்களை இழந்தனர். மலபார் அறிஞர் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலில் இதனைப் பதிந்துள்ளார். ஹஜ் பயணங்கள் தடுக்கப்பட்டதும், பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டதும், மக்கள் சிறைபிடிக்கப்பட்டதும் அந்நூலில் விரிவாகக் காணக்கிடக்கின்றன.

ஆயின் அவ்வறிஞர் பறங்கியரைக் குறை கூறுவதோடு நின்றாரில்லை. மலபார் முஸ்லிம்கள் செழிப்பில் வாழ்ந்தபோது இறைவனின் அருட்கொடைகளை மறந்து வரம்பு மீறினர்; அதனாலேயே பறங்கியர் அவர்கள்மீது சாட்டப்பட்டனர் என்று அவர் எழுதுகிறார். எதிரியின் கொடுமையை மறைக்கவுமில்லை, தம்மவரின் குற்றத்தை மூடவுமில்லை. இது யூனுஸ் நபியின் வழியில் எழுதப்பட்ட வரலாறு.

இத்தகைய இடுக்கண் காலத்துக்கெனவே நம் ஃபிக்ஹு நூல்கள் 'குனூத்துந் நாஸிலா'வை வகுத்துள்ளன. ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில் பிஃரு மஊனாவில் குர்ஆன் ஓதுவோர் எழுபதின்மர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டபோது, பெருமானார் (ஸல்) ஒரு மாத காலம் தொழுகையில் குனூத் ஓதினார்கள். இதனை ஆதாரமாகக் கொண்டு, சமுதாயத்தைப் பேரிடர் சூழுங்கால் ஐவேளைத் தொழுகையின் இறுதி ரக்அத்திலும் குனூத் ஓதலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு.

ஆனால் அதற்கும் ஓர் எல்லையுண்டு. உஹதுப் போருக்குப் பின் பெருமானார் (ஸல்) சில குறைஷித் தலைவர்களின் பெயர் குறித்துச் சபித்தபோது, அவர்களை மன்னிப்பதும் தண்டிப்பதும் இறைவனின் அதிகாரமே என்ற கருத்துடைய வசனம் இறங்கிற்று. சபிக்கப்பட்ட ஸஃப்வான், ஸுஹைல், ஹாரிது மூவரும் பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவினர். முறையிடுவது நம் உரிமை, தீர்ப்பு அவனுடையது.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். 1544இல் வடுகர் படை தென்கரையைச் சூறையாடியபோது, பரதவர் குமரிக் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்தனர். இருபது தோணிகளுடன் உதவிக்குப் புறப்பட்ட சவேரியார் எதிர்க்காற்றினால் அவர்களை அடைய இயலாமற் போனதைத் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியக் கேப்டனின் கொடுமையை எதிர்த்தும் அவரே முறையிட்டார். காவலராக வந்தவரே கள்வராயினர்! 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருமார் ஒடுக்கப்பட்டனர். கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் பாதிரியார் 1687இல் இங்கிருந்து இலங்கைக்கு மாறுவேடத்தில் செல்லும் நிலை நேர்ந்தது. நேற்று மற்றவர் பள்ளிவாசலை எரித்த சமயத்தார் இன்று தம் வழிபாட்டை ஒளித்து நடத்தினர்.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சுமாறும், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை ஏதுமில்லை என்றும் பெருமானார் (ஸல்) எச்சரித்தார்கள். அவன் இறைமறுப்பாளனாயினும் அவ்வாறே என்று முஸ்னத் அஹ்மதில் ஓர் அறிவிப்பு வந்துள்ளது. அவ்வாறாயின், வேதாளையில் மரைக்காயர் வடித்த கண்ணீருக்கு எத்தனை எடையோ, காதறுந்த பரதவப் பெண்ணின் கண்ணீருக்கும் அத்தனை எடையே அன்றோ? நம் முன்னோர் பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், பிறர் நம்மால் பட்டிருக்கக்கூடிய பாட்டையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பாதி வரலாறு பகையை வளர்க்கும். முழு வரலாறு தௌபாவைக் கற்பிக்கும்.

பெரிய முத்துக்குளிப்புகள் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. சண்டைக்குக் காரணமான முத்து மறைந்தது. சண்டையிட்ட இரு சமுதாயத்தாரும் இன்றும் அண்டை அயலாராகவே வாழ்கின்றனர். பரதவர் அலைகடலில் செலுத்தும் படகும், காயலார் கடல்கடந்து செய்யும் வணிகமும் ஒருவனுடைய கருணையையே நம்பியுள்ளன.

ஆகவே அன்பர்களே, இடர் வருங்கால் குனூத் ஓதுவோம், முனாஜாத்தில் மனமுருகுவோம். அதற்கு முன், நமக்கு எதிராக எவரேனும் கையேந்தி நிற்கின்றனரா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். இருப்பின் அவருடைய உரிமையை முதலில் திருப்பிக் கொடுப்போம். கொடுமைக்கு ஆளாவதிலிருந்தும், கொடுமை செய்வதிலிருந்தும் வல்ல இறைவன் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.