மானிப்பாய் வைத்திய வகுப்பு

கொழும்பு மாநகரின் வடபால், களனி கங்கையை அண்டிக் கிடக்கும் கிராண்ட்பாஸ் என்னும் பகுதிக்கு அப்பெயர் போர்த்துக்கேயர் காலத்தது. ஆற்றைக் கடக்கும் பெருந்துறை என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் 1822ஆம் ஆண்டில் அத்துறையிலே படகுகளை வரிசையாக நிறுத்திப் பிணைத்து, மேலே பலகை பரப்பிப் படகுப்பாலம் ஒன்றை அமைத்தனர். 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் எழும்வரை, கண்டி வீதி வழியே கொழும்புக்கு வந்த வண்டிகள் யாவும் அப்படகுப்பாலத்தின் மேலேயே ஊர்ந்து வந்தன. மலைநாட்டுக் கோப்பி மூட்டைகள் அவ்வழியே இறங்கின. உத்தியோகம் தேடிய வடபுலத்து இளைஞர் பலர் கடல்மார்க்கமாக வந்தனராயினும், தரைமார்க்கமாகக் கண்டியைத் தொட்டு வந்தோருக்குக் கொழும்பின் வாயில் கிராண்ட்பாஸே ஆகும்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்திலே ஓர் ஆசிரியர் தம் மாணாக்கர் இவ்வாறு தெற்கு நோக்கிப் போய்விடுவதைக் கண்டு கவலை கொண்டார். அக்கவலை ஈற்றில் அவருடைய வகுப்பின் மொழியையே மாற்றிவிட்டது. அவ்வாசிரியர் டொக்டர் சமுவேல் பிஸ்க் கிறீன். அவ்வகுப்பு மானிப்பாயில் நடைபெற்ற மேனாட்டு வைத்திய வகுப்பு.

கிறீன் 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க் நகரில் வைத்தியமும் சத்திரசிகிச்சையும் பயின்று 1845ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். ஈராண்டுகளின்பின், 1847 ஒக்டோபரில், அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னர் ஜோன் ஸ்கடர் 1820 முதற் பண்டத்தரிப்பிலும், அவருக்குப்பின் நதன் வோட் வட்டுக்கோட்டையிலும் வைத்தியம் செய்திருந்தனர். ஆகவே வெள்ளைக்கார வைத்தியரின் மருந்துச் சீசா யாழ்ப்பாணத்து மக்களுக்குப் புதுமையன்று. அம்மருந்தின் பின்னால் நின்ற அறிவை ஊர்ப் பிள்ளைகளுக்கு முறையாகப் பயிற்றுவதே கிறீன் மேற்கொண்ட புது முயற்சி.

1848ஆம் ஆண்டிலே சில மாணாக்கரைக்கொண்டு வகுப்பு தொடங்கியது. அவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியின் ஆங்கிலக் கல்வியிலே தோய்ந்தவர்கள். 1823ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அச்செமினரி கணிதம், வானசாத்திரம், தருக்கம் ஆகியவற்றோடு தமிழையும் ஆழமாகக் கற்பித்த கழகமாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857ஆம் ஆண்டிலே தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்குப் பயின்றவர்களே. அக்காலத்தில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை அமெரிக்காவிலுள்ள ஒரு தருமவான் ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயர் அப்பிள்ளைக்கு இடப்படுவது வழக்கம். டான்போர்த், சப்மன், கூல்ட் எனக் கிறீனுடைய மாணாக்கரின் பெயர்களைக் காண்போர் அவர்களை அமெரிக்கர் என்று மயங்குதல் கூடும். அவர்கள் யாழ்ப்பாணத்து மண்ணிலே பிறந்த தமிழரே.

மாணாக்கரின் படிப்பு நூலோடும் நோயாளியோடும் ஒருங்கே நிகழ்ந்தது. மானிப்பாய் வைத்தியசாலையிலே நாள்தோறும் வந்து கூடிய நோயாளரே அவர்களுக்குப் பாடமாயினர். கட்டி அறுக்குமிடத்து உடனிருந்து உதவுதல், மருந்து கலத்தல், எலும்பு முறிந்தோருக்குக் கட்டுப் போடுதல் ஆகியவை வகுப்பின் பகுதிகள். 1850ஆம் ஆண்டில், வடமாகாண அரசாங்க அதிபர் பேசிவல் டைக்கின் ஊக்கத்தால் யாழ்ப்பாண நகரிலே ஆபத்துக்குதவிச் சங்கத்தின் வைத்தியசாலை திறக்கப்பட்டது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. கிறீனுடைய மாணாக்கருக்கு அங்கும் வேலை இருந்தது. 1850களிலே வாந்திபேதி ஊர் ஊராகப் பரவியபோது, பரீட்சை எழுதிய ஏட்டைக்காட்டிலும் கடுமையான பரீட்சையை அவ்விளைஞர் வீட்டுத் திண்ணைகளில் எழுத நேர்ந்தது.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. அக்காலத்துப் போக்கும் அதுவே. கல்கத்தாவிலே தாய்மொழிகளில் வைத்தியம் புகட்டிய பழைய கலாசாலையை மூடிவிட்டு, ஆங்கில மூலமான வைத்தியக் கல்லூரியை அரசினர் நிறுவியது 1835ஆம் ஆண்டு. சென்னையிலும் அவ்வாண்டே ஆங்கில மூலம் வைத்தியப் பாடசாலை தொடங்கியது. வைத்திய நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன; ஆசிரியரும் ஆங்கிலத்தில் வல்லவர்; வேறு வழியை எண்ணிப்பார்க்க அவசியம் எழவில்லை.

ஆயினும் பயன் வேறுவிதமாக விளைந்தது. ஆங்கிலமும் வைத்தியமும் சேர்ந்து கைவரப் பெற்ற இளைஞனை யாழ்ப்பாணத்துக் கிராமம் கட்டிவைக்க முடியவில்லை. அரசாங்க சேவை அவனை அழைத்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகிவந்த மலைநாடும் அழைத்தது. கிராமத்திலே நெல்லும் தேங்காயும் கூலியாகக் கிடைக்குமிடத்து, அங்கே மாதச் சம்பளம் கிடைத்தது. கிறீன் கருதியதோ, ஒவ்வோர் ஊரிலும் ஒரு வைத்தியன் தங்கித் தன் மக்களிடையே வாழ்தல் வேண்டும் என்பது. பயிற்றிய பயிற்சியே பயின்றவனை ஊரிலிருந்து பெயர்த்துவிட்டது.

சென்றவர்களைக் குறைகூறுதல் முறையன்று. குடும்பத்தைத் தாங்கவேண்டிய மூத்த மகனுக்குச் சம்பளம் அற்ப விஷயமன்று. மேலும், அவர்கள் போன மலைநாட்டிலே நோயுற்று வீழ்ந்தோரும் தமிழரே. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்துவந்த தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுக்கு வைத்திய வசதி அளித்தல் பற்றிய கட்டளைச் சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே பிறந்தது. தமிழறிந்த ஒரு வைத்தியன் அங்கே போனது யாழ்ப்பாணத்துக்கு நட்டமாயினும் தமிழருக்கு நட்டமாகாது. கிறீன் இதனை இவ்வாறு நோக்கியதாகத் தோன்றவில்லை. அவருடைய கண் மானிப்பாயைச் சூழ்ந்த ஊர்களின்மீதே இருந்தது.

1855ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணம் வந்தார். தாய்மொழிக் கல்வியே மிஷனின் நோக்கத்துக்கு உகந்தது என்பது அவர் கொள்கை. வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. ஆகவே தமிழில் வைத்தியம் கற்பிக்கும் எண்ணம் கிறீன் ஒருவரின் தமிழ்ப்பற்றால் மாத்திரம் முளைத்தது என்று கூறுதல் மிகையாகும். சமயம் பரப்பும் சங்கத்தின் கொள்கையும் அதன் பின்னால் நின்றது. ஆனால் அண்டர்சன் கூறிவிட்டுக் கப்பலேறினார். ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கும் பாரத்தைத் தோளிற் சுமந்தவர் கிறீனும் அவர் மாணாக்கருமே.

அவ்வேலை முன்னரே தொடங்கியிருந்தது. கல்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் பாடசாலைகளுக்கென எழுதிய நூலைத் தழுவி, ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1852ஆம் ஆண்டிலே தமிழில் வெளிவந்தது. பெயர் நீளமாயினும் பொருள் தெளிவானது. அங்காதிபாதம் என்பது உடலின் அமைப்பைக் கூறுவது. சுகரணவாதம் உறுப்புகளின் தொழிலைக் கூறுவது. உற்பாலனம் உடலைப் பேணும் முறையைக் கூறுவது. இன்று பாடசாலையில் உடற்றொழிலியல் என்று படிக்கும் பிள்ளைக்குச் சுகரணவாதம் என்பது மந்திரம்போல ஒலிக்கலாம். அன்று உடற்றொழிலியல் என்ற சொல் இல்லை என்பதை மறத்தலாகாது.

1862ஆம் ஆண்டில், அமெரிக்காவில் நான்காண்டு தங்கியபின், கிறீன் மணம்புரிந்து மனைவியோடு திரும்பி வந்தார். 1864ஆம் ஆண்டிலே தமிழ் மூலமான வைத்திய வகுப்பு மானிப்பாயில் தொடங்கியது. மேனாட்டு வைத்தியம் முழுவதையும் தமிழிற் கற்பது தமிழர் வரலாற்றிலே புதிய அனுபவம்.

அம்மாணாக்கரின் நிலையைச் சற்று எண்ணிப்பார்த்தல் தகும். நாடி, வாதம், பித்தம், சிலேட்டுமம் என்ற சொற்களை வீட்டிலே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் பரியாரிமார் வீடுகளில் ஏட்டுச் சுவடிகளாக இருந்தன. அத்தகைய சூழலிலிருந்து வந்த இளைஞன் இரத்தம் ஓடும் வழியையும், நரம்புகளின் பிரிவுகளையும், எலும்புகளின் பொருத்துகளையும் தன் தாய்மொழியிலேயே கேட்டான். கேட்ட சொற்களுட் சில பழையவை. சில வடமொழியிலிருந்து வந்தவை. சில ஆங்கிலத்தின் ஒலியைத் தமிழெழுத்தில் ஏற்றவை. தமிழிற் சொல் உண்டேல் அதனை முதலிற் கொள்வது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய ஆக்கிக்கொள்வது என்ற ஒழுங்கைக் கிறீன் கைக்கொண்டார். இரணவைத்தியம் முன்னதற்கு உதாரணம். கெமிஸ்தம் பின்னதற்கு உதாரணம். கலைச்சொற்களைத் தொகுத்துப் பட்டியல்களும் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டிலே கலைச்சொல் ஆக்கக் குழுக்கள் சென்னையிலும் கொழும்பிலும் கூடியிருந்து விவாதித்த பிரச்சினைகள் பெரும்பாலும் மானிப்பாயில் முன்னரே எழுந்தவை.

இவ்வகுப்பின் சிறப்பு யாதெனின், மாணாக்கராய் இருந்தோரே நூலாசிரியராயினர் என்பதே. டான்போர்த், சப்மன், போல் முதலிய பழைய மாணாக்கர் மொழிபெயர்ப்பிற் பங்கு கொண்டனர். அவர்கள் எழுதியவற்றைக் கிறீன் சொல்லுக்குச் சொல் ஒப்புநோக்கித் திருத்தினார். ஆங்கிலத்திற் கற்ற தலைமுறை தமிழில் எழுதிக்கொடுக்க, அடுத்த தலைமுறை அதனை வைத்துப் படித்தது. லண்டனிலே ஹென்றி கிரேயின் அங்காதிபாத நூல் முதன்முதல் வெளிவந்தது 1858ஆம் ஆண்டு. அது சப்மன் கைப்பட ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழானது 1872ஆம் ஆண்டு. இடையிலே பதினான்கு ஆண்டுகள் மாத்திரமே. இன்றைய வேகத்தோடு ஒப்பிட்டாலும் அது வியக்கத்தக்கதே. ‘இரணவைத்தியம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ என நூல்கள் தொடர்ந்தன. எல்லாம் சேர்த்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை.

உடையிலும் உணவிலும் மாணாக்கர் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதும் கிறீனின் விருப்பம். காற்சட்டையும் தொப்பியும் அணிந்த வைத்தியனை ஏழை நோயாளி அணுக அஞ்சுவான் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணமே. ஆயினும் டான்போர்த் என்று அமெரிக்கப் பெயர் சூட்டப்பெற்ற ஒருவரிடம் வேட்டியைக் கைவிடாதே என்று கூறுதல் அவர் செவிக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழிற் கற்றவர்களுக்கு ஒரு குறை இருந்தது. ஊர் அவர்களை மதித்தது. அரசாங்கத்தின் கதவோ ஆங்கிலத்துக்கே திறந்தது. 1870 ஜூன் மாதம் முதலாந் திகதி கொழும்பிலே அரசினர் வைத்தியப் பாடசாலை 25 மாணாக்கரோடு தொடங்கியது. முதல் அதிபர் டொக்டர் ஜேம்ஸ் லூஸ். வன்னிப் பகுதியிலே பறங்கி நோயால் மக்கள் அருகிவந்ததை ஆராய்ந்து அவர் அளித்த அறிக்கையே அப்பாடசாலை எழுவதற்குத் தூண்டுகோலாயிற்று. அங்கே பயிற்று மொழி ஆங்கிலம். தேறியவருக்கு அரசாங்க சேவை காத்திருந்தது. ஒரே தீவில், ஒரே காலத்தில், இரண்டு வைத்திய வகுப்புகள் நடந்தன. மானிப்பாயில் தமிழ் ஏடு. கொழும்பில் ஆங்கில ஏடு. சம்பளத்தை நோக்கும் தந்தை தன் மகனை எங்கே அனுப்ப விரும்புவான் என்பதை ஊகிப்பது கடினமன்று. இரண்டில் எது நிலைத்தது என்பதும் யாவரும் அறிந்ததே. கொழும்புப் பாடசாலை இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வைத்திய பீடமாக விளங்குகிறது.

அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக ஆக்கிய பின்னர், 1873ஆம் ஆண்டிலே கிறீன் உடல்நலங் குன்றித் தாயகம் திரும்பினார். வேலை அத்துடன் முடியவில்லை. மானிப்பாயிலிருந்து தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் கடல் கடந்து வூஸ்டர் நகருக்குச் சென்றன. பனி பெய்யும் அவ்வூரிலே இருந்து அவர் தமிழ்ப் பிழைகளைத் திருத்தித் திரும்ப அனுப்பினார். நியூயோர்க்கில் அவர் பயின்ற கல்லூரியிலே பேராசிரியராய் விளங்கிய டால்டனின் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்று 1883ஆம் ஆண்டிலும், நம் நாட்டு மருந்துப் பொருள்களைக் கூறும் ‘இந்து பதார்த்த சாரம்’ 1884ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அவ்வாண்டு மே மாதம் அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியர் என்று அவர் கல்லறையிலே பொறிக்கப்பட்டது. அது அவரே விரும்பியது.

இலங்கையிலே பாடசாலைகளில் விஞ்ஞானம் தாய்மொழி மூலம் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, கிறீன் விட்ட இடத்திலிருந்து தமிழ் மீண்டும் நடக்கத் தொடங்கியது. இன்று கிராண்ட்பாசிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள தமிழ் மாணவர் உயர்தர வகுப்புவரை உயிரியலைத் தமிழிற் கற்கின்றனர். பல்கலைக்கழகத்தின் வைத்திய பீடத்துட் புகுந்த முதல் நாளே விரிவுரை ஆங்கிலத்தில் ஒலிக்கிறது. அதுவரை இதயவறை என்று எழுதிய கை, அன்றிரவு அகராதியைப் புரட்டுகிறது. 1978ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வைத்திய பீடம் தொடங்கியபோதும் பயிற்று மொழி ஆங்கிலமே. மானிப்பாய் அங்கிருந்து சில கல் தொலைவிலேதான் உள்ளது. அம்மாணவர் போதனா வைத்தியசாலையின் வார்டுகளிலே நோயாளியின் கட்டிலருகே நின்று, எங்கே நோகிறது அம்மா, எத்தனை நாளாய் நோகிறது என்று தமிழிற் கேட்கின்றனர். கேட்டதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் ஒப்புவித்துவிட்டு, நோயின் பெயரை மீண்டும் அந்தத் தாய்க்குத் தமிழில் விளக்க முயல்கின்றனர். அவ்வேளையில் தேடும் சொற்களுட் பல, டான்போர்த்தும் சப்மனும் ஒருகாலத்திலே தேடியவையே.