கோட்டைக்குள் நான்கு மாதம்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா, சும்மா கான்கிரீட், கம்பின்னு எழுதாதே" என்று நமது சங்கச் செயலாளர் அண்ணன் அன்புக் கட்டளை இட்டார். நான் பொறியாளன், சரித்திரம் எனக்குப் பாடம் அல்ல. ஆனாலும் பல வருடங்களாக மனதில் உறுத்திக் கொண்டிருந்த ஒன்றை எழுத இதுவே சரியான இடம் என்று தோன்றியது.

கல்லூரி நாட்களில் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போனோம். 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை முன் நின்று போட்டோ எடுத்தோம், சுண்டல் வாங்கித் தின்றோம், பஸ் ஏறினோம். அந்தக் கோட்டையில் ஒரு பாதிரியார் சிறை இருந்தார் என்பதோ, அவரை அடைத்தது கிறிஸ்தவர்களே என்பதோ அன்று எனக்குத் தெரியாது.

அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். ஜெர்மனியின் சாக்சனி நாட்டுக்காரர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, நண்பர் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9ந் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். வயது 23. அரசர் கடிதம் கையில் இருந்தும் வரவேற்க ஆள் இல்லை. கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவர்களைக் காக்க வைத்துத் தெருவிலேயே விட்டுவிட்டார். காரணம் எளிது. கம்பெனி வந்தது வியாபாரத்துக்கு. மதம் பேசி ஊரார் கோபத்தைக் கிளப்பினால் வியாபாரம் கெடுமே என்ற பயம்!

சீகன்பால்க் அசரவில்லை. திண்ணைப் பள்ளி வாத்தியாரை அழைத்து, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். 1707ல் முதல் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ் வீடுகளில் இருந்த அடிமைகள். எஜமானர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பணமோ கரைக்குக் கொண்டு வரும்போது கடலில் மூழ்கிப் போயிற்று.

இதற்கிடையில் ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவர் பரிந்து பேசப் போய், தளபதியோடு பகை முற்றியது. 1708 நவம்பரில் கைது. நான்கு மாதம் கோட்டைச் சிறை. துவக்கத்தில் பேனாவும் தாளும்கூட மறுக்கப்பட்டன. சீகன்பால்கும் சாது என்று சொல்ல மாட்டேன், பிடிவாதக்காரர், முன்கோபி. ஆனால் 1709 மார்ச்சில் வெளியே வந்தவர் கப்பல் ஏறி ஊர் போகவில்லை. விட்ட இடத்திலிருந்து புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். 1711ல் முடித்தார்.

அடுத்தது அச்சு. தமிழ் 1578லேயே அச்சேறிவிட்டது என்றாலும் அவர் காலத்தில் அந்த வேலை நின்று போயிருந்தது. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். மீட்டுக் கொண்டு வரும் வழியில் அச்சுக்காரர் இறந்தார். இயந்திரம் மட்டும் 1712ல் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்களோ மிகப் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. உடனே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பொறியாளன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் தொப்பியைக் கழற்றுகிறேன். 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி வந்தது.

எதிர்ப்பு நண்பர்களிடமிருந்தும் வந்தது. தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713ல் அவர் விரிவாக ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அவருடைய குருவான பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அது சென்னையில் வெளிவந்தது 1867ல்! கடைசிக் காலத்தில் கோபன்ஹேகன் மிஷன் செயலாளர், கோயிலும் பள்ளியும் கட்டியது தவறு என்று கடிந்து எழுதினார். நோயிலிருந்தவரை அது ஒடித்துப் போட்டது. 1719 பிப்ரவரி 23ந் தேதி காலமானார், வயது 36. தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இதை ஏன் எழுதுகிறேன்? விடுதியில் நாங்கள் நாலைந்து பேர் இரவில் ஜெபம் பண்ணுவோம். "வந்துட்டாங்கப்பா பாதர்மார்" என்று ஒருநாள் கேலி செய்தார்கள். அடித்தார்களா, பூட்டினார்களா? ஒன்றும் இல்லை, வெறும் சிரிப்புதான். மறுநாளே நான் போவதை நிறுத்திவிட்டேன். கேலி செய்தவர்களில் கோயிலுக்குப் போகிற பையன்களும் உண்டு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு வருகிறவர்களும் உண்டு. பின்னவர்கள் சிரித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இப்போது எனக்கும் 36 வயது. போன வருடம் வேலை நிமித்தம் அந்தப் பக்கம் போனபோது, கோட்டைக்குள் தனியாக நடந்தேன். வெளியார் எதிர்ப்பை மனிதன் எப்படியோ தாங்கிவிடுகிறான். நம்மவர்கள் கதவைப் பூட்டும்போதுதான் நம்பிக்கை உண்மையா என்பது தெரிகிறது. அந்த நான்கு மாதம் எனக்குச் சொன்னது இதுதான்.

தம்பி தங்கைகளே, நீங்கள் எந்த மதமாகவும் இருங்கள். அடுத்த முறை தரங்கம்பாடி போனால் போட்டோவோடு நிற்காமல், அந்த அறைகளுக்குள் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். நான் அன்று நிற்கவில்லை.