தீப்பட்ட தேகத்துக்கு நஷ்டஈடு

கொல்லிமலையில் தீ என்பது நெடுங்காலம் உழவனின் கருவியாகவே இருந்துவந்தது. சரிவான காட்டை வெட்டிச் சாய்த்து, கோடையில் காயவிட்டு, முதல் மழைக்கு முன்னே கொளுத்தி, அந்தச் சாம்பல் கலந்த மண்ணைக் கொத்திச் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து வந்த, மலையாளி எனப்படும் அம்மலைப் பழங்குடிகள், 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்து காட்டுக்கு எல்லைக்கல் நடும் வரையில், தீ மூட்டுவதற்கு எந்தச் சர்க்காரிடமும் அனுமதி கேட்டவர்களல்லர். அத்தீ சில சமயங்களில் மூட்டியவனையே தீண்டியிருக்கும். அடுத்தவனின் கூரையைத் தின்றிருக்கும். கூரை எரிந்தால் ஊர்ப் பெரியவர்களும், நாடு எனப்படும் மலைப்பகுதிகளின் தலைவர்களும் கூடிப் பேசி, குற்றவாளிக்கு அபராதம் விதித்து, வீட்டை இழந்தவனுக்கு ஒரு வழி செய்வார்கள். ஆனால் தேகம் வெந்து உயிர் பிழைத்தவனுக்கு, அவனுடைய வேதனைக்கும் வீணான நாட்களுக்கும் இன்ன தொகை என்று கிரயம் கட்டும் சிந்தனை மலையில் மட்டுமல்ல, மலைக்குக் கீழேயும் வெகு காலம் தோன்றவில்லை.

கீழேயிருந்த சட்டம் முதலில் கவனித்தது இறந்தவனைத்தான். இங்கிலாந்தில் 1846-இல் பிறந்த சட்டத்தைப் பின்பற்றி, 1855-இல் இந்தியாவில் மரண விபத்துச் சட்டம் இயற்றப்பட்டது; பிறர் குற்றத்தால் மாண்டவனின் மனைவி மக்களும் பெற்றோரும் நஷ்டஈடு கேட்க அது இடம் தந்தது. பிழைத்தவனை விரிவாக எண்ணிப் பார்த்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். ஆயுள் முழுவதும் உழைக்க இயலாதபடி ஆன வயது வந்த தொழிலாளிக்கு நாற்பத்திரண்டு மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. உயிரே போனால் முப்பது மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், அதிலும் எது குறைவோ அது. மாண்டவன் மைனராக இருந்தால் வெறும் 200 ரூபாய்! அக்கால ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவர்கள் வேலை செய்ததை அறிந்தே இந்த 200 ரூபாயை எழுதிய கைகளைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. பின்னாளில் திருத்தம் பெற்ற அதன் அட்டவணையில் ஒரு வரி மாத்திரம் நம் கவனத்துக்குரியது: முகம் மிகக் கடுமையாக உருக்குலைந்து போவதை, இரு கண்களும் குருடாவதற்குச் சமமாக, நூற்றுக்கு நூறு ஊனம் என்று அது ஏற்றுக்கொண்டது. தீக்காயத்தின் இயல்பை அறிந்தவர் யாரோ அந்த வரிக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

எனினும் தன் காட்டில் தானே பாடுபடுகிறவனுக்கு எஜமானன் இல்லை. எஜமானன் இல்லாதவனுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. ஆகையால் கொல்லிமலைக்கும் நஷ்டஈட்டுக்கும் மெய்யான தொடர்பு ஏற்பட்டது லாரி வந்த பிறகே என்பது என் அபிப்பிராயம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைக்குப் பாதை வந்தது. மலைக்குக் கீழே சமவெளியில் நாமக்கல் நகரம் லாரிகளின் ஊராக வளர்ந்து, சமையல் எரிவாயுவைச் சுமக்கும் டேங்கர் லாரிகளுக்குத் தென்னாட்டிலேயே முக்கியமான ஸ்தலமாயிற்று. பிழைப்புக்காக மலையிறங்கும் வாலிபனுக்கு, மிளகும் காப்பியும் போதாத காலத்தில், கிளீனர் வேலை எட்டிய தூரத்தில் இருந்தது. தீயை ஏர்போலக் கையாண்ட குடியின் பேரப்பிள்ளை, தீயைத் தொட்டியில் அடைத்துக்கொண்டு தேசம் சுற்றும் தொழிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

அத்தொழிலின் ஆபத்தைச் சட்டம் எதிர்கொண்ட விதத்தை அறிய மகாராஷ்டிரத்துக்குப் போக வேண்டும். 1987 அக்டோபர் 29-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி சுமாருக்கு, புனே–பெங்களூர் நெடுஞ்சாலையில் கவதே என்னும் கிராமத்தருகே, பெட்ரோல் டேங்கர் ஒன்று எதிரே வந்த லாரியோடு மோதிச் சாலையோரத்தில் சாய்ந்தது, பெட்ரோல் ஒழுகியது, ஜனங்கள் கூடினர், நாலு மணி நேரம் கழித்து டேங்கர் வெடித்துத் தீப்பற்றியது, அங்கு நின்றவர்கள் பலர் வெந்தனர், சிலர் மாண்டனர். மாண்ட ஒருவனின் தாய் நஷ்டஈடு கேட்டாள். பிரதிவாதிகளின் வாதம் சாமர்த்தியமானது: மோதல் மூன்று மணிக்கு முடிந்துவிட்டது, ஓடாமல் கவிழ்ந்து கிடந்த வண்டியால் பின்னர் நேர்ந்த தீ மோட்டார் விபத்தாகாது என்றார்கள். மோதலுக்கும் வெடிப்புக்கும் நடுவே நாலு மணி நேரம் சென்றதனாலேயே காரண காரியத் தொடர்பு அற்றுப் போகாது என்று 1991 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தாய்க்கு அப்போது உறுதியான தொகை, யார் குற்றம் என்று விசாரியாமலே கொடுக்க வேண்டிய இடைக்கால நஷ்டஈடான 15,000 ரூபாய். தொகை சொற்பம், ஆனால் தீ தாமதித்து வந்தாலும் பொறுப்பு தப்பாது என்ற நியாயம் டேங்கர் ஓடும் சாலை எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று.

தொகையைக் கணக்கிடுவதில்தான் தீக்காயம் நியாயஸ்தலங்களை மிகவும் சோதித்தது. உடலின் மேற்பரப்பை ஒன்பது ஒன்பது சதவீதமாகப் பிரித்து வெந்த அளவைச் சொல்லும் முறையை வாலஸ் என்னும் மருத்துவர் 1951-இல் பிரசுரித்தார். அதன்படி ஒரு கை முழுவதும் ஒன்பது சதவீதம், ஓர் உள்ளங்கையோ விரல்களோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு சதவீதம். சிகிச்சைக்கு இக்கணக்கு இன்றியமையாதது. ஆனால் இரண்டு உள்ளங்கைகளும் வெந்து, தோல் இறுகி, விரல்கள் மடங்கிப்போன ஒருவன், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறி மிளகு பறித்துப் பிழைப்பவனானால், அவன் இழந்தது இரண்டு சதவீதமா? 2010-இல் உச்ச நீதிமன்றம் இக்குழப்பத்தைத் தெளிவாக்கியது: மருத்துவர் எழுதும் ஊனத்தின் சதவீதம் வேறு, வருமானத்தில் நேரும் நஷ்டத்தின் சதவீதம் வேறு, ஒரு கையை இழந்த டிரைவருக்கும் தச்சருக்கும் ஜீவனமே போய்விடலாம், அதே கையை இழந்த குமாஸ்தாவுக்கு வேலை நிலைக்கலாம். காயம்பட்டவன் என்ன தொழில் செய்தான் என்பதே அளவுகோலாயிற்று.

பெண்களின் உழைப்பு கணக்கில் ஏறியதும் ஒரு தீ விபத்தினால்தான். 1989 மார்ச் 3-ஆம் தேதி, தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் நூற்றைம்பதாவது பிறந்தநாள் விழாவில், ஜாம்ஷெட்பூரில் பந்தல் தீப்பற்றி அறுபது பேர் மாண்டனர், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவரில் ஸ்திரீகளும் குழந்தைகளும் மிகுதி. ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி சந்திரசூட் நஷ்டஈட்டைக் கணக்கிட்டார். 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உயர்த்தியபோது, சம்பளம் வாங்காத இல்லத்தரசியின் சேவைக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பு வைத்தது. விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, சாமையைக் குத்திப் புடைப்பது முதல் சுள்ளி சுமப்பது வரை செய்தும் ஒரு ரசீதில்கூடப் பெயரில்லாத மலைப்பெண்ணுக்கு அந்தத் தொகை நிறைவானதென்று நான் ஒப்பவில்லை. சூன்யமாக இருந்த இடத்தில் ஓர் எண் வந்தது என்பதை மாத்திரம் ஒப்புகிறேன்.

இத்தீர்ப்புகளைக் காட்டிலும் கொல்லிமலைக்கு உபகாரம் செய்தவை, யாரும் கொண்டாடாத இரண்டு சிறு திருத்தங்கள். முன்பெல்லாம் விபத்து எங்கே நடந்ததோ அவ்விடத்து நியாயஸ்தலத்தில்தான் மனுச் செய்ய வேண்டும். வடதேசத்துச் சாலையில் வெந்துபோன கிளீனரின் தாய், மலைமேலுள்ள செம்மேட்டிலிருந்து இறங்கி, பாஷை தெரியாத ஜில்லாவுக்குப் போய் வழக்காட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1994 நவம்பரிலும், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1995 செப்டம்பரிலும், மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று திருத்தம் பெற்றன. 1997 ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி ஜில்லாவானதும், சேலம் வரை போக வேண்டிய அலைச்சலும் குறைந்தது. அதே 1994 திருத்தம் மோட்டார் விபத்து மனுவுக்கு இருந்த காலக்கெடுவையும் எடுத்துவிட்டது. அந்தத் தாராளம் நிலைக்கவில்லை: 2019-இல் செய்து 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டுமென்று கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது. குற்றம் விசாரியாமல் கொடுக்கும் தொகையை, கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமாக உயர்த்தியதும் அதே திருத்தமே. தோல் ஒட்டுச் சிகிச்சைக்கே மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு ஆறு மாதம் எம்மாத்திரம்? ஆகவே காயம்பட்டவன் எழுந்து நடக்கும்வரை உறவினர் காத்திராமல், முதல் தகவல் அறிக்கையின் நகலும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் கைக்கு வந்தவுடனே நாமக்கல் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அடைவது உசிதம். பழங்குடியினருக்கு வருமானம் பாராமலே வக்கீலை இலவசமாக அமர்த்தித் தருவது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு அவர்களுக்குக் கொடுத்த உரிமை.