மூச்சா, இதயமா? – ஐதராபாத் குளோரோஃபார்ம் ஆணையங்களும் (1888, 1889) மயக்க மருந்தியலின் ஒரு வினாவும்

ஆய்வுச்சுருக்கம்

குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட நோயாளி இறக்கும்போது முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவ உலகை நெடுங்காலம் இரு அணிகளாகப் பிரித்திருந்தது. இவ்வினாவிற்கு விடை காண ஐதராபாத்தில் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இரண்டு ஆணையங்கள் விலங்குகள்மீது சோதனைகள் நடத்தின. மூச்சே முதலில் நிற்கிறது என்ற அவற்றின் முடிவு பின்னர் மறுக்கப்பட்டது. அம்மறுப்பின் அடிப்படையை மருந்தியல் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆணையங்கள் கண்டது பொய்யன்று. மிகையளவு மருந்தால் நேரும் இறப்பை அவை சரியாகவே விளக்கின. எனினும், மருத்துவர்கள் அஞ்சிய திடீர் இறப்பு அதனின் வேறானது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: குளோரோஃபார்ம், ஈதர், ஐதராபாத் ஆணையங்கள், எட்வர்ட் லாரி, அட்ரினலின், மயக்க மருந்தியல் வரலாறு.

முன்னுரை

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைச் செலுத்தி அறுவை மருத்துவத்தின் வலியை அகற்றிக் காட்டினார். அடுத்த ஆண்டு நவம்பரில் எடின்பரோவின் ஜேம்ஸ் சிம்சன் குளோரோஃபார்மின் மயக்கும் ஆற்றலைக் கண்டறிந்தார். குளோரோஃபார்ம் விரைவாக மயக்கியது, இனிய மணமுடையது, எளிதில் தீப்பற்றாதது, சிறிதளவே போதுமானது. வெப்ப நாடுகளில் இதற்கு மற்றொரு சிறப்பும் இருந்தது. ஈதரின் கொதிநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியசு; குளோரோஃபார்மின் கொதிநிலை ஏறத்தாழ 61 பாகை. தக்காணத்துக் கோடையில் ஈதரைச் சேமிப்பதும் துணியில் நனைத்துக் கொடுப்பதும் கடினம். எனவே இந்திய மருத்துவமனைகளில் குளோரோஃபார்ம் நிலைபெற்றதற்கு எடின்பரோவில் பயின்ற மருத்துவர்களின் பழக்கம் மட்டுமன்றித் தட்பவெப்பமும் காரணமாயிற்று.

இம்மருந்து புழக்கத்திற்கு வந்த மூன்றே மாதங்களில் முதல் இறப்பு பதிவாயிற்று. 1848 ஜனவரி 28 அன்று நியூகாசிலுக்கு அருகிலுள்ள வின்லேட்டன் என்னும் ஊரில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டது. அவள் சிகிச்சையை எண்ணி மிகவும் அஞ்சியிருந்தாள். மருந்தை முகர்ந்த சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. அறுவை சிறியது, மருந்தின் அளவும் மிகுதியன்று, ஆயினும் இறப்பு நேர்ந்தது. அவளை மீட்கும் முயற்சியில் வாயில் ஊற்றப்பட்ட பிராந்தியும் நீரும் மூச்சை அடைத்திருக்கலாம் என்று சிம்சன் கருதினார். செறிவுமிக்க ஆவி இதயத்தையே செயலிழக்கச் செய்தது என்று இலண்டனின் ஜான் ஸ்னோ கருதினார். பின்வந்த விவாதம் முழுவதும் இவ்விரு கருத்துகளிலிருந்தே கிளைத்தது எனலாம்.

இரு மரபுகள்

ஸ்னோவின் அணுகுமுறை அளவை அடிப்படையாகக் கொண்டது. காற்றில் எத்தனை விழுக்காடு ஆவி கலந்துள்ளது என்பதே அவருக்கு முதன்மையான வினா. ஆவியின் செறிவைக் கட்டுப்படுத்தும் கருவிகளை அவர் வடிவமைத்தார். அவரது ஆய்வுகளின் தொகுப்பு அவர் மறைந்த 1858ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்தது.

எடின்பரோ மரபு கருவியை நாடவில்லை. ஜேம்ஸ் சைமும் அவருடைய மருமகன் ஜோசப் லிஸ்டரும் மடித்த துணி ஒன்றே போதுமென்றனர். நாடியைப் பார்த்துக்கொண்டிருப்பது கவனத்தைச் சிதறடிக்கும். மூச்சை மட்டும் இடைவிடாது கவனித்து, நாக்கு பின்னே சரிந்தால் முன்னே இழுத்துவிட வேண்டும் என்பதே அவர்கள் கற்பித்த நெறி. இந்நெறியில் பயின்றவரே எட்வர்ட் லாரி. ஐதராபாத்தில் பிரித்தானிய ரெசிடென்சியின் அறுவை மருத்துவராகவும் மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் விளங்கிய இவர், பல்லாயிரம் பேருக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தும் ஓர் இறப்பையும் காணவில்லை என்று அறிவித்தார். 1880களில் அப்பள்ளியில் பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி பின்னர் ஐதராபாத் மருத்துவமனைகளில் மயக்கம் கொடுப்பதையே தம் பணியாகக் கொண்டார். மயக்கவியல் வரலாற்றில் இத்துறையில் ஈடுபட்ட முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவராக அவர் குறிக்கப்படுகிறார்.

இதற்கிடையே பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் கிளாஸ்கோ குழு குளோரோஃபார்ம் இரத்த அழுத்தத்தைத் திடீரெனத் தாழ்த்துகிறது, இதயத்தைத் தளர்த்துகிறது என்ற முடிவினை 1880இல் வெளியிட்டிருந்தது. லாரியின் அனுபவமும் இம்முடிவும் ஒன்றோடொன்று முரண்பட்டன.

ஆணையங்களும் அவற்றின் சோதனைகளும்

1888இல் அமைந்த முதல் ஆணையம் நூற்றுக்கும் மேற்பட்ட தெருநாய்களைக் குளோரோஃபார்மால் மடியச் செய்து ஆராய்ந்தது. மூச்சு நின்ற பின்னரும் இதயம் சில நிமிடங்கள் துடித்தது என்பதே அது கண்ட முடிவு. இலண்டனின் 'லான்செட்' இதழ் இம்முடிவை ஐயத்துடனேயே நோக்கியது. அவ்விதழ் தன் சார்பில் ஒரு வல்லுநரை அனுப்பி நேரில் ஆராயலாம் என்று கூறி, அதற்காக 1000 பவுண்டுகளை ஆறாம் நிஜாமாகிய மீர் மஹ்பூப் அலி கான் வழங்கினார். ஓர் இந்திய அரசர் இலண்டன் இதழொன்றைத் தம் நகரத்து ஆய்வுக்கூடத்திற்கு அழைத்தது அறிவியல் வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கதாகும்.

லான்செட் அனுப்பியவர் புகழ்பெற்ற மருந்தியலறிஞர் லாடர் பிரண்டன். இதயச் செயலிழப்பால் இறப்பு நேரலாம் என்ற கருத்துடன் ஐதராபாத்திற்கு வந்த அவர், 1889 இறுதியில் அக்கருத்தைக் கைவிட்டார். ஏறத்தாழ 490 விலங்குகளில் சோதனை நிகழ்ந்ததாகவும், அவற்றுள் 120இல் அழுத்தமானி பயன்படுத்தப்பட்டதாகவும் லான்செட்டுக்குத் தந்தி சென்றது. நாய்களுடன் குதிரை, குரங்கு, ஆடு, பூனை, முயல் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். அரைமயக்கத்தில் அதிர்ச்சி தரவல்ல அறுவைகளும் செய்து பார்க்கப்பட்டன. இதயம் முதலில் நின்று இறந்த விலங்கு எதுவுமில்லை என்று ஆணையம் அறிவித்தது. இரத்த அழுத்தம் தாழ்வது ஆபத்தன்று, மருந்து மேலும் பரவாமல் தடுக்கும் காப்பே என்றும் அது விளக்கியது. மயக்கம் கொடுப்பவர் மூச்சை மட்டுமே கவனிக்க வேண்டும் என்பது அதன் நடைமுறைப் பரிந்துரை.

மறுப்பு

கேம்பிரிட்ஜின் காஸ்கெலும் ஷோரும் 1893இல் வெளியிட்ட ஆய்வு இம்முடிவை நேரடியாக எதிர்கொண்டது. ஒரு விலங்கின் மூளைக்கு மற்றொரு விலங்கின் இரத்தத்தைச் செலுத்தும் முறையால், குளோரோஃபார்ம் மூளையை அடைவதன் விளைவையும் இதயத்தை அடைவதன் விளைவையும் அவர்கள் தனித்தனியே பிரித்தறிந்தனர். மருந்து இதயத்தை அடைந்தபோதே இரத்த அழுத்தம் தாழ்ந்தது. எனவே அழுத்தத் தாழ்வைக் காப்பு எனக் கொள்வதற்கு இடமில்லாமற்போயிற்று.

எனினும், ஹன்னா கிரீனருக்கு நேர்ந்தது போன்ற திடீர் இறப்பிற்கு இது முழு விளக்கமாகவில்லை. அதற்குரிய கருத்தாக்கத்தை அபர்டீனின் ஜான் மக்வில்லியம் 1889இலேயே முன்வைத்திருந்தார். இதயக் கீழறையின் தசைநார்கள் ஒருங்கிணைவை இழந்து தனித்தனியே நடுங்கும்போது இதயம் அசைந்துகொண்டே இருந்தாலும் இரத்தத்தை வெளித்தள்ளாது. இதுவே மனிதரின் திடீர் இறப்பிற்குக் காரணமாகலாம் என்றார் அவர். 1911இல் குட்மன் லெவியும் தாமஸ் லூயிஸும் குறைந்த விழுக்காட்டுக் குளோரோஃபார்மில் இருந்த பூனைகளில் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவதையும் அது இந்நடுக்கத்தில் முடியக்கூடும் என்பதையும் காட்டினர். இலேசான மயக்கத்தில் அட்ரினலினைச் செலுத்தினால் இந்நடுக்கம் தோன்றுகிறது என்பதையும், மருந்தை விட்டுவிட்டுக் கொடுப்பது ஆபத்தானது என்பதையும், ஆழ்ந்த மயக்கத்தில் இவ்வாபத்து குறைகிறது என்பதையும் லெவி தொடர்ந்து நிறுவினார்.

ஒரு பெயரில் இரு இறப்புகள்

இவ்விடத்தில் விவாதத்தின் முடிச்சு அவிழ்கிறது. குளோரோஃபார்ம் இறப்பு என்று ஒரே பெயரால் வழங்கப்பட்டவை உண்மையில் இருவகை இறப்புகள்.

முதலாவது மிகையளவால் நேர்வது. மருந்தின் செறிவு படிப்படியாக உயரும்போது முகுளத்திலுள்ள சுவாச மையம் ஒடுங்குகிறது, மூச்சு நிற்கிறது, சற்றுப் பின்னரே இதயம் நிற்கிறது. மூச்சு நின்றவுடன் மருந்து உட்புகுவதும் நின்றுவிடுவதால், காலந்தாழ்த்தாது செயற்கைச் சுவாசம் அளித்தால் உயிரை மீட்க வாய்ப்புண்டு. ஐதராபாத்தின் பதிவுகள் காட்டுவது இதனையே.

இரண்டாவது, மயக்கத்தின் தொடக்கத்தில், சிறு அறுவைகளின்போது, அச்சமுற்ற நோயாளிக்கு நேர்வது. அச்சமும் வலியும் உடலிலேயே அட்ரினலினைச் சுரக்கச் செய்கின்றன. குளோரோஃபார்ம் இதயத் தசையை அட்ரினலினுக்கு மிகை உணர்திறன் உடையதாக்குகிறது. இவ்விரண்டும் ஒருங்கே சேரும் நிலையில் இதயமே முதலில் செயலிழக்கிறது. மூச்சை எவ்வளவு கூர்ந்து கவனித்தாலும் இதனை முன்னறிய இயலாது.

இரண்டாம் ஆணையம் அரைமயக்க நிலையையும் சோதித்தது அன்றோ என்ற வினா எழலாம். இதற்கு எண்ணிக்கையைக் கொண்டே விடையளிக்க இயலும். குளோரோஃபார்ம் இறப்பு ஏறத்தாழ 3000 பேருக்கு ஒன்று என்பது அக்காலத்தில் பரவலாக வழங்கிய கணிப்பு. ஒரு வாதத்திற்காக அதே வீதம் விலங்குகளுக்கும் பொருந்துமெனக் கொண்டால், 500 சோதனைகளில் அத்தகைய இறப்பு ஒன்றுகூடத் தோன்றாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 85 விழுக்காடு. எனவே 490 விலங்குகள் என்பது மிகையளவு இறப்பை ஆராயப் போதிய எண்; அரிதாக நேரும் திடீர் இறப்பு இல்லையென்று கூறப் போதாத எண். எண்ணிக்கையின் பெருமை வினாவின் பொருத்தமின்மையை மறைத்துவிட்டது.

அவ்வாறாயின் லாரியின் பல்லாயிரக்கணக்கான நோயாளிகள் எவ்வாறு பிழைத்தனர்? குடியேற்ற ஆட்சிக்கால மருத்துவமனைகளில் மேசைமீது நேர்ந்த ஒவ்வோர் இறப்பும் மயக்க மருந்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. இவ்வையத்தை ஒதுக்கிவிடலாகாது. ஆயினும் அது மட்டுமே விடையன்று. மூச்சை இடைவிடாது கவனித்து, மருந்தைத் தொடர்ச்சியாகக் கொடுத்து, முழு மயக்கம் வந்த பின்னரே கத்தியை எடுப்பது லாரியின் முறை. லெவியின் முடிவுகளை இதனோடு வைத்து நோக்கினால், இலேசான, விட்டுவிட்டுக் கொடுக்கப்படும் மயக்கத்தை இம்முறை பெருமளவு தவிர்த்தது என்று கொள்ள இடமுண்டு. லாரியின் கோட்பாடு பிழையானது. அவரது கைப்பழக்கம் அப்பிழையினின்றும் அவருடைய நோயாளிகளைக் காத்தது. ஐதராபாத்தை அறியாமையாகவும் கேம்பிரிட்ஜை அறிவாகவும் எதிரெதிரே நிறுத்தும் வரலாற்றெழுத்து இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகிறது. அதேவேளை, அக்கைப்பழக்கம் வாய்க்காதவர்கள் 'நாடியைப் பார்க்க வேண்டா' என்ற பரிந்துரையை மட்டும் பின்பற்றியபோது நோயாளிகள் காப்பின்றி விடப்பட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முடிவுரை

1912இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு குளோரோஃபார்ம் பயன்பாட்டிற்கு எதிராக முடிவெடுத்தது. கல்லீரலுக்கு அது விளைக்கும் கேடும் அதற்குள் அறியப்பட்டிருந்தது. எனினும் ஐதராபாத்தில் எழுந்த வினா மறையவில்லை. 1956இல் ஹாலோத்தேன் மருத்துவப் பயன்பாட்டிற்கு வந்தபோது, இதயத்தை அட்ரினலினுக்கு உணர்திறன் மிக்கதாக்கும் பண்பு அதற்கும் உண்டு என்பது கவனிக்கப்பட்டது. ஆகவே ஹாலோத்தேன் மயக்கத்தில் உள்ளவருக்கு அட்ரினலின் கலந்த உள்ளிட உணர்வகற்றி ஊசியைச் செலுத்தும்போது அளவு வரையறுக்கப்பட்டது. முகரும் மருந்து, ஊசி மருந்து, உடல் தானே சுரக்கும் பொருள் ஆகிய மூன்றையும் ஒருசேர எண்ணும் இன்றைய பழக்கம் இவ்வரலாற்றின் பயன்களுள் ஒன்று.

ஆணையங்களின் பிழை கவனக்குறைவால் விளைந்ததன்று. அவை கருத்துடன் அளந்தன, பதிந்தன, வெளியிட்டன. ஆனால் அவை அளந்தது மருந்தின் செயலை மட்டுமே. மருந்தை ஏற்கும் உடலின் நிலையும், அவ்வுடலுக்குரியவரின் அச்சமும் அழுத்தமானியின் வரைகோட்டில் தனியே இடம்பெறவில்லை. வின்லேட்டனில் அஞ்சியபடியே அமர்ந்திருந்த சிறுமியின் நிலையில் விடையின் ஒரு பகுதி 1848இலேயே இருந்தது. அதனை மருந்தியலின் மொழியில் கூற அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன.