எண்ணிக்கையில் வராத சங்கம்

ஊருக்கு ஊர் பாட்டுக் குழுவும் பந்தாட்டக் குழுவும் இருந்த வட இத்தாலியில் ஆட்சி நன்றாக நடந்தது என்று 1993இல் எழுதினார் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம். ஓரிக்கைக்காரன் நான் கேக்குறேன்: சேரியை விலக்கிவைக்க ஊர் கூடுவதும் சங்கம்தானே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம் சங்க வரலாறு வேறு. அயோத்திதாசர் திராவிட மகாஜன சபை கண்ட அதே 1891இல், காஞ்சிபுரம் அடங்கிய செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. பிற சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறிப்போச்சு. காரணை நிலத்தை மீட்கக் கூடிய நம் மக்கள்மீது 1994 அக்டோபர் 10இல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

தொண்டு நிறுவனங்களை எண்ணும் ஆய்வாளர்கள் இந்தக் கூட்டத்தையும் எண்ணட்டும். நிலம் இன்னும் முழுசா வந்து சேரல.